வராத படகை வந்ததென்று சொன்ன சிப்

பங்குத் தந்தை அவர்களே, மீனவர் சங்கத் தலைவர் அவர்களே, எங்கள் நிறுவனத்தின் இயக்குநர் அவர்களே, மகளைப் பறிகொடுத்து நிற்கும் அனஸ்தாசியா அம்மா அவர்களே, தலவிலக் கரையின் பெருமக்களே, ஜப்பாரின் வணக்கம்.

போன செவ்வாய் நம்மை விட்டுப் போன பொறியியலாளர் யூஜீனியா அவர்களோடு ஏழு வருடம் ஒரே மேசையில் வேலை செய்தவன் நான். என் பிழையைச் சொல்லாமல் அவரைப் புகழ எனக்கு வழியில்லை.

உங்கள் படகுகள் கரை சேர்வதைத் தானாகப் பதிய அவர் வடிவமைத்த சிப்பில் பற்றரி கிடையாது. இறங்குதுறைக் கம்பம் அனுப்பும் ரேடியோ அலையே அதற்கு மின்சாரம். கம்பம் ஒவ்வொரு முறையும் புதுக் கேள்வி கேட்கும். சிப் புதுப் பதில் சொல்லும். ஒருமுறை சொன்ன பதிலைப் பிரதியெடுத்து மறுமுறை ஏமாற்ற முடியாது, அதுதான் பாதுகாப்பு. ஆனால் அதற்கு அதிக மின்சாரம் தேவை, படகு கம்பத்துக்கு மிகக் கிட்ட வரவேண்டும். தூரத்திலேயே வேலை செய்யட்டும் என்று, மின்சாரம் குறைந்தால் எப்போதும் ஒரே பழைய பதிலையே சொல்லும்படி மாற்றியவன் யார்? நான்தான். "இந்தக் கரையில ஆரு மிஸ் களவெடுக்கப் போறாங்க?" என்று அவரிடம் கேட்டேன்.

களவு நடக்கவில்லை. உதவி நடந்தது. சோதனைக்காக இருபது படகுகளில் பூட்டினோம். முதலில் பதிவாகும் படகின் மீன்தான் முதலில் லொறியில் ஏறும். பஸ்தியான் அண்ணனுக்கு இடம் பிடிக்க, அவர் மச்சான் றொமேஷ் அந்தப் பழைய பதிலைச் சின்னக் கருவியொன்றில் பதிந்துவைத்து, படகு வருமுன்பே கம்பத்தில் காட்டினார். 'வந்துவிட்டது' என்று திரையில் விழுந்தது. படகோ இயந்திரம் நின்று கடலில் இழுபட்டுக்கொண்டிருந்தது. வந்துவிட்ட படகை யார் தேடுவார்கள்? ஒன்றரை நாள் யாரும் தேடவில்லை. இன்னொரு படகு தற்செயலாகக் கண்டதால்தான் அண்ணன் இன்று முன்வரிசையில் இருக்கிறார்.

யூஜீனியா என்னை ஏசவில்லை. நோய் முற்றிய பிறகும் கட்டிலில் இருந்தபடி சிப்பைத் திருத்தினார். மின்சாரம் போதாவிட்டால் புதிய சிப் வாய் திறக்காது. "பொய் சொல்றத விட அது பேசாமக் கிடக்கட்டும் ஜப்பார். பேசாட்டி ஆராவது தேடிப் போவாங்க" என்றார்.

இயக்குநர் அவர்களே, ஏற்கெனவே செய்துவைத்த பழைய சிப்கள் முந்நூறு பெட்டிகளில் இருக்கின்றன. புதியதற்கு ஆறு மாதம் செல்லும், நாளைக்கே பழையதைப் பூட்டுவோம் என்றீர்கள். சோதித்தவன் கையெழுத்துக்காக நீங்கள் தந்த பத்திரம் இதோ, என் சட்டைப்பையில். நான் போடமாட்டேன். வேலை போனாலும் போடமாட்டேன்.

அந்த ஆறு மாதமும் கொப்பியோடு நானே கரையில் நிற்பேன். பஸ்தியான் அண்ணன், உங்கள் முகத்தைக் கண்ட பிறகுதான் 'வந்துவிட்டார்' என்று எழுதுவேன்.