ஓரத்து ரோஸ்

உங்கள் கம்ப்யூட்டரில் அந்தக் குப்பைத்தொட்டி ஐகானைச் சுற்றி வெள்ளையாக ஒரு கோடு ஓடுகிறது, ஐயா. சரிசெய்ய ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகாது. தினமும் அதைப் பார்த்துக்கொண்டு எப்படித்தான் உட்கார்ந்திருக்கிறீர்களோ. எனக்கென்றால் சாப்பாடு இறங்காது.

பழக் கிடங்கில் நான் பில் போடுகிறவன். அது வயிற்றுக்கு. மனசுக்கு வேறு வேலை வைத்திருந்தேன். ஒரு கம்ப்யூட்டரைக் கையில் கொடுத்தால் வால்பேப்பர், ஐகான், பட்டன் எல்லாவற்றையும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் மாதிரி மாற்றி, ஒரு முழு தீமாகத் திருப்பித் தருவேன். ஆபீஸில் எல்லாருடைய திரையிலும் என் கைவரிசைதான். பார்ப்பவர்கள் 'கடையில் வாங்கினதா' என்று கேட்பார்கள். நான் சிரித்துக்கொள்வேன்.

இந்த வேலையின் தொல்லை முழுக்க ஓரத்தில்தான். ஐகான் உருண்டையாக இருந்தாலும் அது இருக்கிற படம் சதுரம். மிச்சமுள்ள நான்கு மூலையும் மறைந்தாக வேண்டும். எங்கள் கிடங்கில் ஓடுவது பழைய சாஃப்ட்வேர். பாதி தெரிய, பாதி மறைய என்பதெல்லாம் அதற்குப் புரியாது. அதற்குத் தெரிந்தது ஒரே ஒரு நிறம், கண்ணைக் குத்துகிற ஒரு ரோஸ். அந்த ரோஸை எங்கே பூசினாலும் அந்த இடமே இல்லாததாக எடுத்துக்கொண்டு, பின்னால் இருப்பதைக் காட்டிவிடும். ஆனால் அச்சு அசல் அதே ரோஸாக இருக்க வேண்டும். ஒரு படி குறைந்தாலும் மறையாது, அப்படியே நிற்கும். அந்த ஒரு படி வித்தியாசத்தைக் கண்ணால் பார்த்துச் சொல்ல யாராலும் ஆகாது. ஓரத்தை நைஸாக்கப் போனால் ரோஸ் ஐகானோடு கலந்து பிசிறு பிசிறாக நின்றுவிடும். அதைப் புள்ளி புள்ளியாகக் கிள்ளி எடுக்க வேண்டும். எனக்கு அந்தப் பொறுமை உண்டு. வேண்டுமானால் என் தங்கையைக் கேட்டுப் பாருங்கள்.

கன்ட்ரோல் ரூமில் இருந்தவர் அந்தத் தங்கையின் கணவர். மேனேஜரிடம் சொல்லி அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே நான்தான். மாப்பிள்ளை தங்கமான மனிதர். வாய் மட்டும் கொஞ்சம் நீளம்.

அவர் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஆப்பிள் மாதக்கணக்கில் கெடாமல் இருக்க, அறையை இறுக மூடி உள்ளே இருக்கும் ஆக்ஸிஜனை எடுத்துவிடுவோம். வாசனை வராது, புகை வராது. தெரியாமல் உள்ளே போனவர் ரெண்டு மூச்சில் விழுந்துவிடுவார். அதனால் பழம் எடுக்க ஓர் அறையைத் திறக்கும் முன்னால் நல்ல காற்றை உள்ளே விட்டுக் காத்திருப்பார்கள். காற்று விடத் தொடங்கியதிலிருந்து அது போதாத வரைக்கும் திரையில் அந்த அறையின் கட்டத்தில் ஓர் எச்சரிக்கைச் சதுரம் நிற்கும். போதுமென்றால் போய்விடும். காற்று விட்ட அறையில் சதுரம் இல்லையென்றால் ஆள் போகலாம். கையில் கொண்டுபோகிற மீட்டர் ஒன்றும் இருந்தது. அது கெட்டுப்போய் அலமாரியில் கிடந்தது. யாரும் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

சதுரம் முதலில் சிவப்புதான். மாப்பிள்ளைக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது. அதை அவர் யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை. என்னிடம்தான் வந்தார்.

"மச்சான், எனக்குப் பளிச்சுன்னு தெரியற மாதிரி ஒரு கலர் போட்டுக் குடுங்க. வெளிய சொல்லிடாதீங்க, வேலை போயிடும்."

ஒவ்வொரு நிறமாகக் காட்டினேன். இந்த அடிக்கிற ரோஸ் மட்டும் அவருக்கு நீலம் மாதிரித் தனியாகத் தெரிந்தது. அதையே வைத்தேன். மறைந்து தொலைத்துவிடக் கூடாதே என்று ஒரு படி குறைத்து வைத்தேன். இதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள், ஐயா. அவர்மேல் எனக்கு அக்கறை இல்லை என்று யாரும் பேசக் கூடாது.

அதன்பிறகு கன்ட்ரோல் ரூமுக்கு ஒரு முழு தீம் செய்தேன். வால்பேப்பரில் விடியற்காலைத் தோட்டம், அதன்மேல் பனி பூத்த மாதிரி ஐகான்கள். வாரக்கணக்கில் அதையே கட்டிக்கொண்டு அழுதேன். திறந்து காட்டின அன்று மேனேஜர் வந்தார், ஆபீஸே வந்தது. மாப்பிள்ளைக்குச் சாப்பாடு கொண்டுவந்த தங்கையும் டிபன் கேரியரோடு நின்றாள்.

எல்லாரும் ஆகா என்றார்கள். மாப்பிள்ளை மட்டும் கண்ணை இடுக்கினார்.

"நல்லாத்தான் இருக்கு மச்சான். ஆனா எல்லாத்தையும் சுத்தி ஓரத்துல ஒரு கோடு ஓடுதே, நூல் பிரிஞ்ச மாதிரி."

குனிந்து பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இருந்தது. எல்லா ஐகானிலும் இருந்தது.

"கலரே ஒழுங்காத் தெரியாத எனக்கே தெரியுது, உங்களுக்கு எப்படி மச்சான் தெரியாமப் போச்சு?"

வேலை போய்விடும் என்று மறைத்த விஷயத்தை, என்னை மட்டம் தட்டுவதற்காக மேனேஜர் முன்னாலேயே போட்டு உடைத்தார். மேனேஜர் அதைக் காதில்கூடப் போட்டுக்கொள்ளவில்லை. "நம்ம ஆர்ட்டிஸ்ட்டுக்கு மொதல்ல ஒரு கண்ணாடி வாங்கிக் குடுக்கணும்ப்பா" என்று விழுந்து விழுந்து சிரித்தார். ஆபீஸ் சிரித்தது. தங்கை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன்.

மறுநாளிலிருந்து என் பெயர் பிசிறு. டீ போடுகிறவர்கூட "பிசிறு சாருக்குச் சக்கரை கம்மி" என்பார். தங்கை போனை எடுத்தாலே "என்ன பிசிறண்ணே, சாப்பிட்டியா" என்பாள். பாசத்தோடுதான் சொன்னாள். அதனால்தான் சுருக்கென்றது.

இருந்தாலும் குறையைச் சொன்னால் திருத்திக்கொள்கிறவன் நான். மாப்பிள்ளையிடமே போய், என்னென்ன எடுக்க வேண்டும் என்று பணிவாகக் கேட்டேன்.

"அந்த ரோஸ் எதுவும் ஓரத்துல என் கண்ணுல படக் கூடாது மச்சான், அவ்ளோதான்."

உட்கார்ந்து ஒவ்வொரு படமாகச் சுத்தம் செய்தேன். கடைசியில் எச்சரிக்கைச் சதுரத்தின் படம் வந்தது. முழுக்க ரோஸ். அதை ஒரு படி கூட்டினேன். திரையில் போட்டுப் பார்த்தபோது சதுரம் இருந்த இடத்தில் தோட்டம் தெரிந்தது. உண்மையைச் சொல்கிறேன், அந்தத் திரையில் முதல்முறையாகக் கண்ணை உறுத்த ஒன்றுமே இல்லை.

அவர் சாக வேண்டும் என்று அப்போது நான் நினைக்கவில்லை. காற்று விடும்போது அவர் சதுரத்தைத் தேட வேண்டும். கிடைக்காமல் என்னிடம் வர வேண்டும். "மச்சான், எனக்குத் தெரியலையே" என்று ஒரு தடவை, நாலு பேர் முன்னால் சொல்ல வேண்டும். இவ்வளவுதான் என் ஆசை. இது பெரிய ஆசையா, ஐயா?

புதுத் திரையைப் போட்ட அன்றே ஓர் அறையில் காற்று விட்டார்கள். கன்ட்ரோல் ரூமுக்கும் என் மேஜைக்கும் நடுவில் கண்ணாடிச் சுவர், கதவு திறந்தே இருக்கும். மாப்பிள்ளை திரையைப் பார்த்தார். கொஞ்சம் நெருங்கிப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"மச்சான், இப்பதான் கண்ணாடி மாதிரி இருக்கு. ஒரு பிசிறு இல்ல. மனசுல எதுவும் வெச்சுக்காதீங்க, அன்னைக்குச் சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன்."

என்னிடம் அப்படி யாரும் சொன்னதில்லை. நெஞ்சு நிறைந்துபோய்விட்டது. "அட, அதுக்குள்ள காத்து வந்துருச்சு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு சாவியை எடுத்தார். நடை முழுவதும் நடந்து போனார். கூப்பிட நேரம் இருந்தது. கூப்பிட்டால் தீமில் இன்னொரு குறை என்று ஆகிவிடும். அப்போதுதான் பாராட்டியிருந்தார். அதனால் நான் பில்லுக்குத் திரும்பினேன்.

தங்கைக்கு அழக்கூடத் தெம்பில்லை. இழவுக்கு வேண்டியதையெல்லாம் நான்தான் கூட இருந்து பார்த்தேன்.

சாஃப்ட்வேர் நிபுணர் ஒருவர் வந்து திரையை அலசினார். காரணத்தைச் சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டார், கெட்டிக்காரர். மேனேஜரிடம் அவர் சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

"பொழுதுபோகாம தீம் பண்றவங்க செய்யற தப்பு சார் இது. எந்தக் கலர் மறையும், எது மறையாதுன்னு அடிப்படையே தெரியாது. பாவம், வேணும்னு பண்ணிருக்க மாட்டார்."

விபத்து, காரணம் அறியாமை என்று அறிக்கையில் எழுதிவிட்டார்கள். தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாரிடமும் சொன்னாள். "எங்கண்ணன் மேல எனக்குக் கோபமே இல்ல. அதுக்கு அவ்வளவுதான் தெரியும். தெரிஞ்சிருந்தா செய்யுமா?"

சொந்தக்காரர்கள் உச்சுக்கொட்டினார்கள். நான் தலையைக் குனிந்து நின்றேன். வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். எவ்வளவோ மென்று விழுங்கிப் பார்த்தேன், ஐயா. என்னால் ஆகவில்லை.

அந்த ரோஸ் எந்தப் படியில் மறையும், எந்தப் படியில் நிற்கும் என்று அந்தக் கிடங்கிலேயே தெரிந்த ஒரே ஆள் நான். முதலில் நிற்கும்படி வைத்தவனும் நான், பிறகு மறையும்படி வைத்தவனும் நான். அவர் சாவி எடுத்ததைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மாப்பிள்ளையைக் கொன்றவன் என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். என் தங்கைக்கும் படித்துக் காட்டுங்கள். வேலை தெரியாதவன் என்று மட்டும் எங்கேயும் எழுதிவிடாதீர்கள்.