ஆளில்லாத வீட்டுக்கு ஒரு மீற்றர்

தண்ணீர்ப் பில்லை நான் ஒருநாளும் பிந்திக் கட்டியதில்லை. இதை முதலில் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள் சேர். மற்றவர்கள் பில்லை ஃபிரிஜ்ஜுக்கு மேலே போட்டுவைப்பார்கள், அதன்மேல் வாழைப்பழச் சீப்பை வைப்பார்கள், தண்ணீர் நின்ற அன்றைக்கு அரசாங்கத்தைத் திட்டுவார்கள். நான் பில் வந்த மறுநாளே சைக்கிளை எடுத்துக்கொண்டு காரியாலயத்துக்குப் போய்விடுவேன். போனிலேயே கட்டலாமே வாப்பா என்று மகள் ஸப்னா சொல்லுவாள். போனில் கட்டினால் ரப்பர் முத்திரை விழுமா என்று கேட்பேன்.

பெயர் முத்தலிப், வயது அறுபத்தொன்று, ஓய்வுபெற்ற எழுதுவினைஞர். முப்பத்து நாலு வருஷம் மற்றவர்களின் கடிதங்களில் பிழை திருத்தியவன். இப்போது நீங்கள் எழுதுவதிலும் இரண்டு இடத்தில் பிழை இருக்கிறது, பரவாயில்லை, பிறகு சொல்கிறேன்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான் என்பது உங்களுக்குத் தெரியும். ஆண்பிள்ளை ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு மனைவியின் வீட்டுக்குப் போகவேண்டும். நானும் அப்படிப் போனவன்தான். என் மாமனாருக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் பஸ்லியா, என் மனைவி. அவளுக்குப் பின்வளவில் இருந்த பழைய வீடு கிடைத்தது. இளையவள் றஹீமாவுக்கு றோட்டைப் பார்த்த புது வீடு. காணி உறுதி ஒன்றும் எழுதவில்லை. வாயால் சொல்லிவிட்டு மாமனார் மவுத்தாகிவிட்டார். இரண்டு வீட்டுக்கும் பைப் எடுத்தவன் நான். குடும்பத்தில் படிவம் நிரப்பத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பதால் இரண்டு மீற்றரும் என் பெயரில் இருந்தன. றஹீமாவின் புருஷன் ஷிப்லி மாதாமாதம் தன் பில் காசைக் கொண்டுவந்து தருவான், நான் இரண்டையும் சேர்த்துக் கட்டுவேன்.

ஷிப்லி நல்ல பிள்ளை, வேகமாக ஓடுவதைத் தவிர. காரைதீவுச் சந்தியில் மோட்டார் சைக்கிளோடு லொறியில் மோதி மவுத்தானபோது றஹீமாவுக்கு மூன்று மாதம். வயிற்றில் பிள்ளை இருப்பதால், புருஷனை இழந்தவள் ஒதுங்கியிருக்கிற இத்தா, பிள்ளை பிறக்கும்வரை என்றார்கள். அதுவரை அவள் வீட்டைவிட்டு வெளியே வரமாட்டாள், அந்நிய ஆண்களின் முன்னால் நிற்கமாட்டாள். கடைக்குப் போவதும் காரியாலயத்துக்குப் போவதும் குடும்பத்து ஆண்களின் வேலை. குடும்பத்து ஆண்கள் என்றால் நான்தான்.

அந்த நேரம் பார்த்து ஸப்னாவுக்கு அக்கரைப்பற்றிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை வங்கியில் வேலை. அவர்கள் பெண்ணைப் பார்த்தது ஐந்து நிமிஷம், வீட்டைப் பார்த்தது முக்கால் மணித்தியாலம். மாப்பிள்ளையின் தாய் எங்கள் சுவரில் விரலை வைத்துப் பார்த்து, விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டார். மார்க்கப்பற்றுள்ள குடும்பம், சீதனமாக ஒரு சதமும் வேண்டாம் என்றார்கள். வீடு மட்டும் போதுமாம். றோட்டுப் பக்க வீடுதானே பிள்ளைக்கு என்று கேட்டார்கள். நான் ஓம் என்றேன். வீடில்லாத பெண்ணைக் கட்டுகிற மாப்பிள்ளை எங்கள் ஊரில் இன்னும் பிறக்கவில்லை. வேறு என்ன சொல்லச் சொல்கிறீர்கள்?

றஹீமாவுக்கும் ஒரு ஒழுங்கு யோசித்துத்தான் வைத்திருந்தேன். ஷிப்லியின் தாய் சபியா உம்மா மருதமுனையில் தனியாக இருக்கிறார். விதவை மருமகள் மாமியோடு போய் இருந்தால் இரண்டு பேருக்கும் துணை. ஆனால் ஒருவரைப் பார்த்து வீட்டைவிட்டுப் போ என்று சொல்லுகிற பழக்கம் எனக்கில்லை. கூச்ச சுபாவம். எதையும் எழுத்தில் செய்துதான் பழக்கம்.

அதனால் தண்ணீர்க் காரியாலயத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். மேற்படி வீட்டில் தற்போது எவரும் குடியிருக்கவில்லை, ஆகவே இணைப்பைத் தற்காலிகமாகத் துண்டித்து உதவுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். மூன்று வரிதான். நிலுவை ஒரு சதம் இல்லை, கடைசிப் பில்லின் பிரதியும் இணைத்திருந்தேன். காரியாலயத்தாரைக் குறை சொல்ல வேண்டாம். இணைப்புக்குரியவன் எழுதிக் கொடுத்தால் அவர்கள் செய்யத்தானே வேண்டும். மீற்றர் வாசல் மதிலில் இருக்கிறது. இத்தா இருக்கிற வீட்டில் கதவும் யன்னலும் சாத்தித்தான் இருக்கும். பார்க்கிறவனுக்கு அது ஆளில்லாத வீடுதான். இணைப்பை வெட்ட வந்தவருக்கு ஒரு பிளேன்டீ கொடுத்தேன். அவர் குடித்து முடிப்பதற்குள் வேலை முடிந்துவிட்டது.

பின்னேரம் றஹீமா கதவுத் திரைக்குப் பின்னால் நின்று, பைப்பில் தண்ணீர் வரவில்லை என்றாள். நான் கொஞ்சம் தயங்கிவிட்டு, தயக்கம் கேட்கும்படியாகத் தயங்கிவிட்டு, ஷிப்லி பதினொரு மாதம் பில் கட்டாமல் வைத்துவிட்டுப் போயிருக்கிறான் என்று சொன்னேன். அவன் கட்டாத மாதம் ஒன்றுமில்லை என்பது உங்களுக்கு இப்போது தெரியும். அவளுக்குத் தெரியாது.

அவள் திரையின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தாள். பிறகு கேட்டாள்.

"அப்ப அவரு கடனோடயா மச்சான் போயிட்டாரு?"

"அப்பிடித்தான் புள்ள இரிக்கி. ஆருக்கிட்டயும் கதைக்காத. மவுத்தானவருக்குக் கூடாது."

அவள் யாரிடமும் கதைக்கவில்லை. நம் ஆட்களில் மையித்தை அடக்குமுன்னே, இவருக்கு யாராவது கடன் கொடுத்திருந்தால் சொல்லுங்கள் என்று கேட்பார்கள். ஷிப்லியின் ஜனாஸாவில் அப்படிக் கேட்டபோது ஒருவரும் வாய் திறக்கவில்லை. இப்போது ஒரு கடன் முளைத்திருக்கிறது, அதுவும் அரசாங்கக் கடன். அவள் அதை வெளியே சொன்னால் புருஷனின் பெயர் கெடும். மறுநாளே இரண்டு காப்பைக் கழற்றி ஸப்னாவின் கையில் கொடுத்தனுப்பினாள், விற்று அந்தப் பில்லைக் கட்டச் சொல்லி. நான் விற்கவில்லை சேர். அடைக்கலமாக வந்த பொருள் என்பதால் அமானிதம் என்று கடித உறையில் எழுதி அலுமாரியில் பத்திரமாக வைத்திருந்தேன். இப்போது உங்கள் மேசை லாச்சியில் இருக்கிறது. உறையைக் கசக்காமல் வைத்திருந்தால் நல்லது.

பஸ்லியாவைச் சமாளிப்பதுதான் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது. தங்கச்சிக்கு நாலு குடம் தண்ணீர் கொடுத்தால் என்ன என்றாள். வெட்டிய வீட்டுக்கு இன்னொரு மீற்றரிலிருந்து தண்ணீர் கொடுத்தால் அந்த மீற்றரையும் வெட்டுவார்கள், அபராதமும் உண்டு என்று விளக்கினேன். அந்தச் சட்டத்தை நானே இயற்றினேன், சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தபோது. அரசாங்கம் இயற்றும் சட்டங்களைவிட அது தெளிவாக இருந்தது.

ஆனாலும் அவள் கொடுத்தாள். நான் விடிய சுபஹ் தொழுதுவிட்டு வந்து ஒவ்வொரு நாளும் மீற்றரைப் பார்த்துக் கொப்பியில் எழுதுகிறவன். ஒரு கிழமையாக இலக்கம் கொஞ்சம் கூட ஓடியது. மூன்று பேர் உள்ள வீட்டில் நாலு குடம் எங்கே போகிறது என்று மீற்றருக்கு நன்றாகத் தெரியும், அது யாருக்கும் பயப்படாது. நான் பஸ்லியாவை ஏசவில்லை. இரண்டு வளவுக்கும் நடுவில் இருந்த சின்னக் கேற்றுக்கு ஒரு பூட்டு வாங்கிப் போட்டேன். கட்டாக்காலி நாய்கள் வருகின்றன என்று சொன்னேன். சாப்பாடு கொண்டுபோகும்போது றோட்டால் சுற்றிப் போகச் சொன்னேன். நாலு பேர் பார்க்கிற றோட்டில் ஒரு பொம்பிளை குடத்தோடு நடந்தால், புருஷனுக்கு வக்கில்லை என்று ஊர் கதைக்கும். பஸ்லியா மானம் பார்க்கிறவள். சாப்பாட்டுக் கோப்பையை மட்டும் கொண்டுபோனாள்.

றஹீமா தண்ணீரில்லாமல் இருக்கவில்லை. அவளுடைய வீட்டு முற்றத்தில் கிணறு இருக்கிறது. பைப் வந்த பிறகு அந்தத் தண்ணீர் மரம் செடிக்கும் முற்றம் கழுவவும்தான். அதற்குப் பத்தடி தள்ளி, மதிலுக்கு இந்தப் பக்கம், என் குளியலறையின் மலக்குழி இருக்கிறது. பதினொரு வருஷத்துக்கு முன் நான்தான் வெட்டுவித்தேன். அப்போது வந்த சுகாதாரப் பரிசோதகர், இந்தக் கிணற்றுத் தண்ணீரை இனி வாயில் வைக்கக்கூடாது, குழியை மாற்றுங்கள் என்றார். சரி என்றேன். மாற்றச் செலவு அதிகம். அவர் சொன்னதை வேறு யாரிடமும் சொல்லவில்லை, கேட்டால் சொல்லியிருப்பேன். ஒருவரும் கேட்கவில்லை.

குடிக்கிற தண்ணீரை அவள் கொதிக்கவைத்துத்தான் குடித்தாள். அந்தப் புத்தி அவளுக்கு இருந்தது. ஆனால் ஒரு நாளைக்கு ஐந்து தரம் தொழுகைக்கு வுழு எடுக்கும்போது வாய் கொப்பளிக்கிற தண்ணீரை யார் கொதிக்கவைப்பார்கள்? இத்தாவில் இருக்கிறவள் வேறு, கடமைக்கு மேலான சுன்னத்து, நபில் தொழுகைகளும் ஒன்றும் விடமாட்டாள்.

இரண்டு நாளில் மருதமுனைக்குப் போய்விடுவாள் என்று நினைத்தேன். மூன்று மாதம் போனது. சபியா உம்மாவே ஒருநாள் ஓட்டோ பிடித்து வந்து கூப்பிட்டார். தண்ணீரில்லாத வீட்டில் வயிற்றுப் பிள்ளையோடு ஏன் மகள் கஷ்டப்படுகிறாய் என்று அழுதார். புருஷன் மவுத்தான நேரம் இருந்த வீட்டில்தான் இத்தா இருக்கவேண்டும், நான் அவருக்குச் செய்கிற கடைசி மரியாதை இது, பிள்ளை பிறந்ததும் வருகிறேன் என்று அவள் சொல்லி அனுப்பிவிட்டாள். கஷ்டமென்றால் வேறு வீட்டுக்குப் போகலாம் என்று மார்க்கத்தில் சலுகை இருக்கிறது சேர். நான் ஒரு மௌலவியிடம் விசாரித்தே வைத்திருந்தேன். சலுகையை எடுக்காதது அவளுடைய பிழை. என் திட்டத்தில் ஒரு குறையும் இல்லை, அவளுடைய பக்தியைத்தான் நான் குறைத்து மதிப்பிட்டுவிட்டேன்.

எட்டாம் மாதத்தில் கண் மஞ்சளாகிவிட்டது. காய்ச்சல், சாப்பிட்டதெல்லாம் சத்தி. ஆஸ்பத்திரியில் வைத்தியர் என்ன தண்ணீர் குடித்தவர் என்று கேட்டார். பஸ்லியா வாயைத் திறக்குமுன் நான், பைப் தண்ணீர்தான் டொக்டர் என்று சொல்லி, பையில் இருந்த பில்லை எடுத்துக் காட்டினேன். எங்கள் வீட்டுப் பில். முத்திரை விழுந்த பில்லைக் கண்டால் யாரும் அதற்குமேல் கேட்பதில்லை. கிணறு என்று சொல்லியிருந்தால், ஏன் கிணறு என்று கேட்பார், பிறகு அது அக்கரைப்பற்று வரை போகும். ஸப்னாவின் நிக்காஹுக்கு ஒன்றரை மாதம்தான் இருந்தது.

புதன்கிழமை மவுத்தானாள். பிள்ளையும் தங்கவில்லை. பெண்பிள்ளை என்றார்கள். அந்த வீட்டுக்கு இன்னொரு உரிமைக்காரி. நான் அடக்கிவிட்டு மையவாடியில் இருந்து வந்து கை கால் கழுவிக்கொண்டு உட்கார்ந்து அழுதேன். நீங்கள் நம்பமாட்டீர்கள், ஆனால் அழுதேன்.

அடுத்த கிழமை மீற்றர் பார்க்கிற கனகரெத்தினம் வந்தார். பாண்டிருப்பு ஆள், பத்து வருஷப் பழக்கம். துக்கம் கேள்விப்பட்டு ஸப்னாவிடம் ஆறுதல் சொல்லியிருக்கிறார். சாச்சி முன்வீட்டில்தான் இருந்தவ என்று அவள் சொன்னதும் மனிதர் திகைத்துப்போய், அந்த வீட்டில் ஆக்கள் இல்லையென்று உங்கட வாப்பாதானே பிள்ளை எழுதிக் குடுத்தவர் என்று கேட்டுவிட்டார். கெட்ட எண்ணத்தில் இல்லை. நேர்மையான ஆட்களால் வருகிற கரைச்சல் இது.

ஸப்னா உள்ளே வந்து என்னோடு சத்தம் போடவில்லை. என் கொப்பியை எடுத்துப் பக்கம் பக்கமாகப் பார்த்தாள். பிறகு ஒரு கதைதான் கதைத்தாள்.

"சாச்சிர காப்ப என்ட கையாலதானே வாப்பா வாங்கினீங்க. அந்த ஊட்டுல நான் ஒரு முடக்குத் தண்ணி குடிக்கமாட்டன்."

அப்படியே வெளிக்கிட்டு உங்களிடம் வந்திருக்கிறாள். இப்போது மருதமுனையில் சபியா உம்மாவோடு இருக்கிறாளாம், சம்பந்தமும் வேண்டாமாம். சின்னப் பிள்ளை, கோபம் ஆறினால் வருவாள்.

கடைசியாக, நீங்கள் மேசையில் விரித்து வைத்திருக்கிற மீள் இணைப்புப் படிவம். கையெழுத்து என்னுடையதுதான். முன்வீட்டு இணைப்பைத் திரும்பவும் தந்து, ஸப்னாவின் பெயருக்கு மாற்றச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். திகதியைத் தொட்டுத் தொட்டுக் காட்டுகிறீர்கள். திகதியில் பிழையில்லை. றஹீமா மவுத்தானது புதன். வைத்தியர் கையை விரித்தது செவ்வாய். நான் படிவம் கொடுத்தது திங்கள். அன்றைக்கு அவள் எழும்பி இருந்து கஞ்சி குடித்தாள், பிள்ளைக்கு என்ன பெயர் வைக்கலாமென்று ராத்தா பஸ்லியாவிடம் கேட்டாள், இரண்டு நாளில் வீட்டுக்குப் போகலாம் என்று வைத்தியரும் சொன்னார். எல்லாம் உண்மை. அவள் திரும்பி வரமாட்டாள் என்று உனக்கு மட்டும் எப்படித் தெரியும் என்று கேட்கிறீர்கள். அவள் மூன்று மாதமாக எதை வாயில் ஊற்றினாள் என்பது வைத்தியருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். இணைப்புக் கிடைக்க இரண்டு கிழமை எடுக்கும் சேர். பெற்ற பிள்ளையின் காரியத்தை ஒரு தகப்பன் முன்கூட்டியே பார்க்காவிட்டால், வேறு யார் பார்ப்பது?