குண்டூருக்கு வெயில் சொன்னவன்

காம்பு கிள்ளிக் கிள்ளிக் காய்ப்பேறிய கையால் எனக்குச் சால்வை போர்த்திய தலைவியே, மிளகாய்க் கிடங்கு மகளிர் சங்கத்தின் தாயே, சுவார்த்தம்மா அவர்களே! மேடையில் எனக்கு நாற்காலி கொடுத்துவிட்டுத் தாங்கள் நின்றுகொண்டிருக்கும் பெரியோர்களே! முன்வரிசையில் மின்விசிறிக்கு நேர் எதிரே அமர்ந்திருக்கும் கிடங்கு முதலாளி, மதிப்புக்குரிய வெங்கடரத்தினம் காரு அவர்களே! மூட்டை சுமந்து சுமந்தும் முதுகு வளையாத தோழர்களே! மிளகாய் நெடியில் தும்மித் தும்மியே தொண்டையைத் தீட்டி வைத்திருக்கும் தாய்மார்களே! உங்கள் அத்தனை பேரின் பாதங்களுக்கும், இந்தத் தண்ணீர்ப் பந்தலைத் திறக்க வந்த கோடேஸ்வரராவின் பணிவான வணக்கம்.

முதலில் ஒரு சந்தேகம். மே மாதம். குண்டூர். மாலை ஆறு மணிக்கும் சுவரைத் தொட்டால் கை சுடுகிறது. இந்த நேரத்தில் கம்பளிச் சால்வை போர்த்தியிருக்கிறீர்களே, இது கௌரவமா, தண்டனையா? சிரிக்கிறீர்கள். தண்டனைதான் என்று தலைவி தலையாட்டுகிறார். ஏற்றுக்கொள்கிறேன் அம்மா. தகுதியானதுதான். கூட்டம் முடியும்வரை கழற்றமாட்டேன்.

நான் யார்? வானியல் படித்தவனா? இல்லை. வானத்தை ஆராய்ந்தவனா? அதுவும் இல்லை. புரோடிபேட்டையில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தவன். கைபேசி வந்தது, கடை காலியாயிற்று. கேபிள் சேனல் நடத்தும் என் மைத்துனன், "பாவா, மாலை ஏழு மணிக்கு வெயில் விவரம் வாசிக்க ஆள் வேணும். உங்களுக்குத்தான் விளக்கு வெளிச்சத்துல கண்ணு கூசாது" என்றான். இதுதான் என் கல்வித் தகுதி! இதை வைத்துக்கொண்டு பதினோரு கோடைகளாக இந்த நகரத்துக்கு வெயில் சொன்னேன். நீங்களும் என்னை 'வாதாவரணம் கோடய்யா' என்று அழைத்தீர்கள். வானிலை என்ற சொல்லே என் பெயருக்கு முன்னால் வந்து உட்கார்ந்துவிட்ட பிறகு, எனக்குத் தலை கனக்காதா? கனத்தது. நன்றாகவே கனத்தது.

அரசு அறிக்கையை வாசிப்பது அடிமைத்தனம் என்று தோன்றியது. கொத்தபேட்டையில் ஒரு வெப்பமானி வாங்கினேன். வீட்டுப் பின்சுவரில் நிழலான இடமாகப் பார்த்து ஆணி அடித்து மாட்டினேன். முதல் வருடம் அது ஒழுங்காகத்தான் இருந்தது. இரண்டாம் வருடம் தொடங்கியது பாருங்கள், என் பொற்காலம்! கிருஷ்ணை நதிக்கு அந்தப் பக்கம் விஜயவாடா நாற்பத்தைந்து என்றால், என் சுவர் நாற்பத்தெட்டு என்றது. அவர்கள் நாற்பத்தாறு என்றால், என் சுவர் நாற்பத்தொன்பதைத் தொட்டது. நான் விட்டேனா? "குண்டூரை வெல்லக் கோள் ஒன்று உண்டா? காரத்திலும் நாமே! கனலிலும் நாமே!" என்று கேமராவைப் பார்த்து முழங்கினேன். லாட்ஜ் சென்டர் நாற்சந்தியில் எனக்கு மாலை போட்டார்கள். வெந்து சாகிற ஊர், வென்றுவிட்டோம் என்று கைதட்டியது. தட்டியவர்களில் பாதிப்பேர் இங்கேயே இருக்கிறீர்கள். தலையைக் குனியாதீர்கள், இன்று குனிய வேண்டிய தலை ஒன்றே ஒன்றுதான்.

சென்ற வருடம், மே கடைசியின் கொடும் வெயில், ரோகிணி கார்த்தையின் ஐந்தாம் நாள். நண்பகலில் போய்ப் பார்க்கிறேன், வெப்பமானி நாற்பத்திரண்டு காட்டுகிறது. முந்தின நாள் நாற்பத்தெட்டு! ஒரே நாளில் ஆறு டிகிரி இறக்கம்! என் மேலே வெயில் அடித்துக்கொண்டுதான் இருந்தது. என் வழுக்கை மண்டை பொரிந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் சொந்த மண்டையை நம்புகிறவனா நான்? கருவியை நம்புகிறவன் அல்லவா! அரசு அறிக்கை நாற்பத்தாறு என்றது. அதை மேசைக்கு அடியில் போட்டேன். ஏழு மணிக்கு இஸ்திரி போட்ட சட்டையுடன் அமர்ந்து, "குண்டூர் மக்களே, குளிர்ந்தது நகரம்! ஓடியது உக்கிரம்! நாளையும் இதே குளுமை, நம்பி வெளியே வாருங்கள்" என்று நாவினிக்கச் சொன்னேன்.

நம்பி வந்தார்கள்.

தாய்மார்களே, உங்களுக்குத் தெரியும். ஏட்டுகூர் சாலைத் தகரக் கொட்டகையில் நாற்பத்திரண்டு பெண்கள் வரிசையாகத் தரையில் உட்கார்ந்து மிளகாய்க்குக் காம்பு கிள்ளுகிறீர்கள். பதினொரு மணி ஆனால் எழுந்துவிடுவது என்று நீங்களே ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தீர்கள். அந்த ஒரு நாள் எழவில்லை. ஏன் எழவில்லை? தொலைக்காட்சியில் ஒரு வழுக்கைத் தலையன் குளுமை என்று சொன்னான், அதனால் எழவில்லை. பன்னிரண்டு ஆனது, ஒன்று ஆனது. ஒன்றரைக்குச் சுவார்த்தம்மா பேச்சை நிறுத்தினார். பேச்சை நிறுத்துகிறவரா அவர்? பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தபோது, மிளகாய்க் குவியலின் மேலேயே சாய்ந்துகிடந்தார். உடம்பில் ஒரு சொட்டு வியர்வை இல்லை. கண் மேலே செருகியிருந்தது. சுமை தூக்கும் தோழர்கள்தான் ஈரச் சாக்கில் சுற்றி ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

மாலையில் எனக்கு ஒரு போன் வந்தது. பாராட்டு என்று நினைத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு எடுத்தேன். ஒரு பெண் குரல்.

"வாதாவரணம் சாரா? எங்க சுவார்த்தம்மாக்காவுக்கு இன்னும் நெனப்பு வரல. இந்தக் குளுமை இன்னும் எத்தனை நாளைக்கு சார் இருக்கும்?"

அவ்வளவுதான். வைத்துவிட்டாள். அன்று ஏழு மணிக்கு என் இஸ்திரிச் சட்டை ஆணியில்தான் தொங்கியது.

இரண்டு நாள் அந்த வெப்பமானியின் முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். என்ன கோளாறு? எங்கே கோளாறு? மூன்றாம் நாள் மாலை ஆறு மணி. வெயில் தாழ்ந்துகொண்டிருக்கிறது. ஆனால் என் கண்ணெதிரே பாதரசம் ஏறுகிறது! நாற்பத்து மூன்று... நாற்பத்தைந்து... நாற்பத்தேழு! "சீதாமாலட்சுமி! ஓடி வா! உலகம் அழியப் போகிறது!" என்று என் மனைவியைக் கூப்பிட்டேன். அவள் முறத்தோடு வந்தாள். வெப்பமானியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், எனக்கு மேலே சுவரைப் பார்த்தாள்.

"ராமசேஷய்யா காரு ஊர்லேர்ந்து வந்துட்டாரு போல."

"அதுக்கும் இதுக்கும் என்னடி சம்பந்தம்?"

"அவரோட ஏசிப் பெட்டி உங்க தலைக்கு மேலதான ஊதுது. ரெண்டு வருஷமா ஊதுது. உங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்!"

கேட்டீர்களா, குண்டூர்ப் பெருமக்களே! பக்கத்து வீட்டுக்காரர் புது ஏசி வாங்கி, அதன் வெளிப்பெட்டியை என் பக்கம் பார்த்து மாட்டியிருக்கிறார். அது கக்கிய காற்றைத்தான் இரண்டு கோடைகளாக ஊரின் வெயில் என்று உங்களுக்கு வாசித்தேன். ராமசேஷய்யா அறையைக் குளிரவைத்தால் குண்டூர் கொதித்தது. அவர் மகளைப் பார்க்க ஐதராபாத் போனதும் குண்டூர் குளிர்ந்தது. விஜயவாடாவை வென்றது நம் நகரமா? இல்லை. ராமசேஷய்யாவின் தூக்கம்! லாட்ஜ் சென்டர் மாலை நியாயமாக அவருக்குப் போயிருக்க வேண்டும். சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். நானும் சிரித்திருப்பேன், ஒரு பெண் ஆஸ்பத்திரியில் கிடக்காமல் இருந்திருந்தால்.

இரண்டு இளநீரோடு போனேன். தலைவி கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும், "டிவியில வர்ற சாரா? நேர்ல ரொம்பச் சின்னதா இருக்கீங்களே!" என்றார். எல்லாவற்றையும் சொன்னேன். ஏசிப் பெட்டியைச் சொன்னேன், மேசைக்கடியில் போட்ட அறிக்கையையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நிம்மதியாக வீடு திரும்பியிருப்பேன்.

"அன்னைக்கு எல்லாரும் எந்திரிச்சாங்க சார். நான்தான், டிவில சொல்லிட்டாங்க, உக்காருங்கடின்னு சொன்னேன். என் பக்கத்துல கருணா இருந்தா. ஏழு மாசம் அவளுக்கு. என் இடத்துல அவ விழுந்திருந்தா நான் என்ன சார் பண்ணியிருப்பேன்?"

"இனிமே நான் வானிலையே சொல்ல மாட்டேன் அம்மா" என்றேன்.

"அதெப்படி? கெடுத்துட்டு வீட்ல போய்ப் படுத்துக்குவீங்களா? சொல்லுங்க. ஒழுங்காச் சொல்லுங்க."

ஒழுங்காகச் சொல்வதை எங்கே போய்க் கற்பது? மறுவாரம் ஒரு நாள் காலை ஏழு மணிக்குக் கொட்டகைக்கே வந்தேன். வெயில் தாக்காமலிருக்க என் மனைவி சட்டைப் பையில் ஒரு வெங்காயம் போட்டு அனுப்பியிருந்தாள். தலைவி அப்போது இன்னும் வேலைக்குத் திரும்பியிருக்கவில்லை. அவர் உட்கார்ந்த இடத்தில், அதே தகரத்தின் கீழே உட்கார்ந்தேன். எட்டு மணிக்குள் நாற்பது தும்மல். ஒன்பதரைக்குச் சட்டை உடம்போடு ஒட்டிக்கொண்டது. பையில் துருத்திய வெங்காயத்தைப் பார்த்துவிட்டுக் கருணா வரிசை முழுவதற்கும் அறிவித்தாள்:

"ஏய், சார் வெங்காயம் கொண்டாந்திருக்காருடி! மிளகா நம்மகிட்ட இருக்கு. உப்பு அவர் மேலயே வழியுது. அரைச்சா சட்னி!"

கொட்டகையே சிரித்தது. பத்தே முக்காலுக்கு எனக்கு அந்தச் சிரிப்புச் சத்தம் தூரத்தில் கேட்பதுபோல் ஆகிவிட்டது. எழுந்தேன். எழுந்தேன் என்பது மரியாதைக்காகச் சொல்வது. தூக்கிக்கொண்டு போய் வேப்பமரத்தடியில் போட்டார்கள். நீங்கள் தினமும் உட்காரும் இடத்தில் என்னால் மூன்றே முக்கால் மணி நேரம்தான் உட்கார முடிந்தது, தாய்மார்களே. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. நீங்கள் உட்கார்ந்திருப்பதை நினைத்தால் அதைவிடக் கோபமாக இருக்கிறது.

அன்றிலிருந்து என் வெப்பமானி கொட்டகையில் தொங்குகிறது. நிற்கிறவன் மூக்கின் உயரத்தில் அல்ல, உட்கார்ந்திருக்கும் பெண்ணின் முகத்தின் உயரத்தில். அரசு அறிக்கையையும் ஒரு எழுத்து விடாமல் படிக்கிறேன். இரண்டையும் சேர்த்துத்தான் மாலை ஏழு மணிக்குச் சொல்கிறேன். டிகிரியோடு, எத்தனை மணிக்கு எழ வேண்டும் என்றும் சொல்கிறேன். இந்தத் தண்ணீர்ப் பந்தலைத் திறக்க என்னை அழைத்தது அதற்காகத்தான் என்கிறார்கள்.

இப்போது ஒரு செய்தி. மேடை ஏறுவதற்கு முன்னால் வெங்கடரத்தினம் காரு என் தோளில் கை போட்டு ஓரமாக அழைத்துப் போனார். "கோடய்யா காரு, நாளைக்கு ரெண்டு கன்டெய்னர் ஏத்தணும். நாளைக்குக் கொஞ்சம் வெயில் தணியும்னு உங்க வாயால சொல்லிடுங்களேன். ரெண்டே ரெண்டு டிகிரி" என்றார். ஐயா எழுந்திருக்காதீர்கள், மின்விசிறி இடத்தை வேறு யாராவது பிடித்துவிடுவார்கள். உங்கள் மேல் தவறே இல்லை. ஆறு டிகிரியை இலவசமாக இறக்கியவனிடம் இரண்டு டிகிரி கேட்டீர்கள், ஆளை அறிந்துதான் கேட்டீர்கள். நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா, சபையோரே? "முடியாது" என்று சீறினேனா? இல்லை. "பார்க்கலாங்க" என்றேன். நான் அவ்வளவுதான். தனியாக மாட்டினால் வளைந்துவிடுவேன். அதனால்தான் இத்தனை பேர் நடுவில், ஒலிபெருக்கியைக் கையில் பிடித்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

கேளுங்கள், நாளைய நிலவரம்! நகரத்தில் நாற்பத்தைந்து டிகிரி. மேற்கேயிருந்து வறண்ட காற்று. கடற்காற்று நாலு மணிக்கு முன்னால் எட்டிப் பார்க்காது. கொட்டகையில் இன்று பத்தரைக்கே நாற்பத்திரண்டு, நாளை அதற்கும் மேலே. ஆகவே பத்து மணி! பத்து மணிக்கு எழுந்துவிடுங்கள்! ஒரு காம்பு பாக்கி இருந்தாலும் போட்டுவிட்டு எழுந்துவிடுங்கள்!

"அப்ப என் சரக்கு?" என்று முதலாளி கேட்கிறார். ஒலிபெருக்கி இல்லாமலே கணீரென்று கேட்கிறது. தலைவி பதில் சொல்கிறார், அமைதி, அமைதி: "காலைல நாலரைக்கே வர்றோம்யா. கதவைத் தொறந்து வச்சிருங்க." வாட்ச்மேன் ஆறு மணிக்குத்தான் வருவானாம். "அப்ப நீங்களே வந்து தொறங்க!" என்கிறார் தலைவி. முதலாளி தலையை ஆட்டுகிறார். இரண்டாயிரம் கண்கள் பார்த்துவிட்டன ஐயா, இனி அந்தத் தலையை வேறு பக்கம் ஆட்ட முடியாது!

என் தாய்மார்களே! நான் தவறாகச் சொல்லப் பிறந்தவன். நாளையும் தவறலாம். வானம் என்னைக் கேட்டுக்கொண்டா நடக்கிறது? ஆனால் தவறுவதற்கும் இரண்டு பக்கம் இருக்கிறது என்பதை உங்கள் கொட்டகையில் கற்றேன். போன வருடம் வெயிலின் பக்கம் நின்று தவறினேன். இனி தவறினால் உங்கள் பக்கம் நின்று தவறுவேன். கொதிக்கும் என்று நான் சொல்லிக் குளிர்ந்தால், ஊர் சிரிக்கட்டும்! பெயர் கெடட்டும்! என் மைத்துனன் என்னை வேலையை விட்டுத் துரத்தட்டும்! பொறுமையாகக் கேட்ட உங்களுக்குச் சால்வைக்குள் வெந்துகொண்டே நன்றி சொல்கிறேன். வெந்தது நான், பொறுத்தது நீங்கள். நாளை மழையே கொட்டினாலும் சரி, பத்து மணிக்கு எழுந்து, புரோடிபேட்டை நாலாவது சந்தில் என் வீட்டு வாசலுக்கு வந்து வாய் நிறையத் திட்டுங்கள். ஒவ்வொருத்தராக எண்ணுவேன். திட்ட வருகிறவர்களில் ஒருத்தியும் குறையாமல் நாற்பத்திரண்டு பேரும் இருக்க வேண்டும். வணக்கம்.