கரையில் நட்ட குழை

“பிரேக்கு நல்லாத்தானே இருந்திருக்கு? பின்ன எப்படி வே வாய்க்காலுக்குள்ள போயி விழுவாரு?”

பிரேக் நன்றாகத்தான் இருந்தது, இன்ஸ்பெக்டர் ஐயா. முந்தின ஞாயிற்றுக்கிழமை கோவில் ஆராதனை முடிந்து வந்ததும் என் சைக்கிளுக்கு எண்ணெய் விட்டேன். கையோடு எலியேசர் வாத்தியாருடைய சைக்கிளுக்கும் நானே விட்டேன். சங்கிலி தளர்ந்திருந்தது, அதையும் இறுக்கிக் கொடுத்தேன். வண்டியின்மேல் குற்றமில்லை.

எழுதிக்கொள்வதற்காகச் சொல்கிறேன். என் பெயர் பாக்கியசீலன். முன்னீர்ப்பள்ளத்திலிருந்து கால்வாய்க் கரையோடு சைக்கிளில் வந்து, பாளையங்கோட்டையில் ஓர் ஆபீஸில் நகல் எழுதுகிறேன். இறந்துபோன எலியேசர் என் பக்கத்து வீட்டுக்காரர். அவருக்கும் இங்கேதான் பள்ளிக்கூடம். நீங்கள் பத்து நாளாக அடைத்துவைத்திருக்கும் கொம்பையா அந்தக் கால்வாயின் காவல்காரர். உடைந்த கரைக்கு அடையாளம் வைக்காமல் ஓர் உயிரைப் போக்கினார் என்று அவர்மேல் வழக்கு. அவர் அடையாளம் வைத்திருந்தார். அதைச் சொல்லத்தான் வந்தேன்.

இங்கிலாந்து மன்னரின் முடிசூட்டு விழாவுக்கு விடுமுறை விட்ட வருஷம் நான் சைக்கிள் வாங்கினேன். எங்கள் ஊரில் அதுதான் முதல் சைக்கிள். மாட்டுவண்டிக்காரர்கள் விலகமாட்டார்கள். மணி அடித்தால், “மாட்டுக் கழுத்துல கட்டுத மணியச் சக்கரத்துல கட்டிட்டு வாரான் பாருலே” என்பார்கள். உடைமரத்து முள் குத்தி டயர் காற்றுப் போகும். வேட்டி சங்கிலியில் சிக்கிக் கிழியும். மழை பெய்தால் கரைக் களிமண் சக்கரத்தில் அப்பிக்கொண்டு உருள விடாது. குச்சியால் சுரண்டிவிட்டுத்தான் ஏற வேண்டும். இதெல்லாம் எனக்குப் பிடித்திருந்தது. இவை எதற்கும் நான் பதில் பேச வேண்டியதில்லை. வீட்டில் ஏழு பேர். ஆபீஸில் பதினொரு பேர். நடுவில் அந்த முக்கால் மணி நேரம் மட்டும் என்னிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை.

சென்ற சித்திரையில் எலியேசர் சைக்கிள் வாங்கினார்.

அவர் நல்ல மனிதர். இதை அப்படியே எழுதுங்கள். எனக்கு ஒரு தீங்கும் செய்ததில்லை. நான் எத்தனை சீக்கிரம் கிளம்பினாலும், மருத மரங்கள் வருவதற்குள் பின்னாலிருந்து மணி கேட்கும். “அண்ணாச்சி, என்ன, சைக்கிள ஓட்டுதியளா, தள்ளுதியளா?” என்று சிரித்துக்கொண்டே பக்கத்தில் வந்துவிடுவார். அங்கிருந்து பாளையங்கோட்டைவரை பேச்சுதான். பையன்கள் கணக்கில் செய்த தப்பு, மனைவி கெசியா வைத்த மீன் குழம்பு, பாதிரியார் பிரசங்கத்தில் மறந்துபோன வசனம். என் டயரில் முள் ஏறினால் அவரே இறங்கி ஒட்டுவார். “நீங்க இருங்க, ஒங்க கை எழுதுத கையில்லா” என்பார். எட்டரைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவன் எட்டுக்குக் கிளம்பினேன். பிறகு ஏழரைக்கு. அவரும் ஏழரைக்குக் கிளம்பினார். “தனியாப் போனா ஒங்களுக்குப் பொழுது போவாதுல்லா” என்றார்.

கால்வாய்க் கரையில் ஒரு வழக்கம் உண்டு. எங்காவது கரை உடைந்தாலோ கல் சரிந்தாலோ, அதை முதலில் பார்க்கிறவர் இருபதடி முன்னால் பாதையின் நடுவில், இலையோடு ஒடித்த ஒரு வேப்பங்குழையை நட்டுவிட்டுப் போவார். குழையைப் பார்த்தால் இறங்கிக்கொள்ள வேண்டும். குழை இல்லையென்றால் பாதை சரியாக இருக்கிறது என்று அர்த்தம். நடக்கிறவனுக்கு அது பெரிதில்லை. காலடியைப் பார்த்துத்தான் நடப்பான். சைக்கிளில் வேகமாக வருகிறவன் குழையை நம்பித்தான் வருகிறான்.

அன்று செவ்வாய்க்கிழமை. ராத்திரி பெய்த மழையில், மருத மரங்களைத் தாண்டிய வளைவில் கரை உடைந்திருந்தது. பழைய கல்கட்டு சரிந்து, மேலே தண்ணீர் ஓடியது. வளைவு திரும்புகிறவரை உடைப்பு தெரியாது. குழை இருந்தது, ஐயா. பச்சையாக, ஆள் இடுப்பு உயரத்துக்கு. கொம்பையா விடியும் முன்பே வந்து நட்டிருக்கிறார்.

நான் இறங்கினேன். குழையைப் பிடுங்கி வாய்க்காலில் போட்டேன். ஈர மண், சுலபமாக வந்துவிட்டது. பிறகு சைக்கிளைத் தோளில் தூக்கி, வயலில் இறங்கி, உடைப்பைச் சுற்றி மறுபக்கம் ஏறினேன். கொஞ்ச தூரம் போய் வண்டியைச் சாய்த்துவிட்டு உட்கார்ந்தேன். வேட்டியில் சேறு பட்டிருந்தது. அதைக் கழுவிக்கொண்டிருந்தபோது அவருடைய மணி கேட்டது. அதன் பிறகு கல்லில் இரும்பு மோதும் சத்தம். பிறகு, “அண்ணாச்சி.”

“கூப்பிட்டாரா? ஒம்ம காதுல விழுந்திச்சா?”

மூன்று தடவை. நான் முன்னால் போகிறேன் என்று அவருக்குத் தெரியும். மூன்றாவது தடவை குரலில் தண்ணீர் இருந்தது. கால் சைக்கிளுக்கு அடியில் மாட்டிக்கொண்டிருந்தது என்று பிறகு சொன்னார்கள். இடுப்பளவுத் தண்ணீர்தான். நான் அவரைத் தொடவில்லை. பிடித்துத் தள்ளவும் இல்லை. வேட்டியைப் பிழிந்து கட்டிக்கொண்டு கிளம்பினேன்.

அன்று நல்ல வெயில். பின்னால் யாரும் வரவில்லை. கொக்குகள்கூடச் சத்தம் போடவில்லை. ஆபீஸில் என் எழுத்து வரி பிசகாமல் நின்றது. தலைமைக் குமாஸ்தா பார்த்துவிட்டு, “கல்லுல வெட்டுனாப்ல இருக்குவே” என்றார். சாயங்காலம் எலியேசர் வீட்டுக்குப் போய், கூட்டத்தோடு நின்று ஜெபித்தேன். கெசியா என்னைப் பார்த்து, “அண்ணே, ஒங்கள எட்டிப் பிடிக்கணும்னுதான் சாப்பிடாமக்கூட ஓடுனாவ” என்று அழுதாள். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்லியிருக்கலாமே அம்மா, என்றேன்.

மறுநாளும் அதற்கு மறுநாளும் பாதையில் நான் மட்டும்தான். இரண்டு காலைகள்.

மூன்றாம் நாள் மருத மரத்தடியில் கொம்பையாவின் மனைவி பிரம்மநாயகி நின்றிருந்தாள். புருஷனுக்குக் கஞ்சி கொண்டுபோகிறாள். நான் ஆபீஸில் எழுதுகிறவன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். சைக்கிளின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடிவந்தாள். “ஐயா, எங்க வீட்டு ஆளு குழை நட்டாவ. நாந்தான் ஒடிச்சுக் குடுத்தேன். பெரிய கொப்பாப் பாத்து ஒடிச்சேன். நீங்க அங்கன ஒரு வார்த்த சொல்லப்படாதா?” விசாரிக்கிறேன் என்றேன். மறுநாளும் நின்றாள். அதற்கு மறுநாள் இன்னும் முன்னால், ஊர் எல்லையிலேயே நின்றாள். கஞ்சிச் சட்டி ஒரு கையில், என் வண்டி ஒரு கையில். பாளையங்கோட்டைவரை அதே பேச்சு. ஏழு மணிக்குக் கிளம்பிப் பார்த்தேன். அன்றும் நின்றாள். மணி அடித்தாலும் விலகுவதில்லை.

அவளை ஒன்றும் செய்ய எனக்கு மனமில்லை. அவள் புருஷன் குற்றமற்றவர். ஒரு குற்றமற்றவர் உள்ளே இருப்பதை மனச்சாட்சி உள்ளவன் எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருக்க முடியும்? அதனால் வந்தேன். குழையைப் பிடுங்கியது நான்தான். எலியேசர் வருவார் என்று தெரிந்துதான் பிடுங்கினேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ, போடுகிறேன்.

கொம்பையாவை இன்றைக்கே விட்டுவிட்டால் அந்தம்மாளுக்குக் கரையில் வேலை இருக்காது. நாளைக்கும் நான் ஏழரைக்குத்தான் கிளம்புவேன். அதற்கு முன்னால் அவளுக்குத் தகவல் போய்ச் சேரும்படி ஓர் ஆளை அனுப்ப முடியுமா, ஐயா?