மேற்கு பார்த்த மரத்தளம்

இந்த அறைக்கு ஜன்னல் வைத்தவர் மேற்கு வெயிலைப் பற்றி ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை, மேடம். இன்னும் கொஞ்ச நேரத்தில் வெயில் நேராக உங்கள் பிடரியில் வந்து விழும். நாற்காலியை அந்த பீரோ பக்கமாக நகர்த்திப் போட்டுக்கொள்ளுங்கள். நானாக இருந்தால் அங்கேதான் உட்காருவேன்.

தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், தொழில் புத்தி. எந்த இடத்துக்குப் போனாலும் நிழல் எந்தப் பக்கம் நகரும் என்றுதான் என் கண் முதலில் பார்க்கும். வெயில் காயும் ஊரில் வீட்டுக்குப் பின்னால் மரத்தளம் போட்டுப் பிழைக்கிறவனுக்கு அந்தக் கண் இல்லாவிட்டால் சோறு இல்லை. வாடிக்கையாளர்கள் டெக் என்பார்கள். படத்தில் பார்த்திருப்பார்கள்: பலகைத் தளம், நாலு நாற்காலி, கையில் கோப்பை. படம் எடுத்த ஊரில் வெயில் விருந்தாளி, நம் ஊரில் வீட்டோடு மாப்பிள்ளை என்று சொல்லித்தான் நான் வேலையையே ஆரம்பிப்பேன். உங்களிடமும் சொன்னேன். நீங்கள் சிரித்தீர்கள்.

உங்கள் வீட்டுத் தளம் எப்படி இருக்கிறது? வெளிர் பலகை, காற்று போக இடைவெளி, தட்டியால் கூரை, மேற்கே ஒரு கொடிப்பந்தல். கருப்புப் பலகை அழகாக இருக்கிறது என்று உங்கள் கணவர் பிடிவாதம் பிடித்தார். இரண்டு துண்டை வெயிலில் போட்டு, கொஞ்ச நேரம் கழித்துப் புறங்கையை வைத்துப் பார்க்கச் சொன்னேன். வெளிர் துண்டில் கை வைத்தபடி பேசிக்கொண்டிருந்தார். கருப்பில் வைத்ததும் கையை உதறினார். அதோடு பேச்சு முடிந்தது.

அந்தச் சோதனையை உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான்தான். அதனால்தான் இன்றைக்கு இங்கே உட்கார்ந்திருக்கிறேன். வருத்தம் இல்லை. நல்ல மாணவி கிடைத்தால் வாத்தியாருக்கு நஷ்டம் வரத்தான் செய்யும்.

ஏன் என்று கேட்டீர்கள். சொல்கிறேன்.

அப்பா போன பிறகு என்னை வளர்த்தவர் அண்ணன். சோறு போட்டார், படிக்க வைத்தார், திட்டினார். மூன்றிலும் குறை வைக்கவில்லை. வீடு கட்டும் கான்ட்ராக்டர் அவர். அவர் கட்டிய வீட்டில் ஒரு விரிசல் காட்டுங்கள் என்று சவால் விடலாம். நான் தனியாகத் தொழில் தொடங்கியதும் யாரிடம் என்னை அறிமுகம் செய்தாலும் ஒரே வசனம்தான். "இவன் என் தம்பி. நான் வீடு கட்டுறேன், இவன் வீட்டுக்கு வெளியே பாய் விரிக்கிறான்." எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். நல்ல நகைச்சுவைதான், குறை சொல்லக் கூடாது. ஒரு வசனத்தை அத்தனை வருடம் அலுக்காமல் சொல்ல ஒரு தனித் திறமை வேண்டும்.

என் வரைபடத்தை அவர் கடைசித் தாள்வரை பார்த்ததே இல்லை. முதல் தாளைப் புரட்டுவார், "பலகைதானே?" என்பார், மடித்துக் கொடுத்துவிடுவார்.

பிறகு அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் முழுக்கப் போயிற்று. பேச்சும் போயிற்று. ஒரே ஒரு வார்த்தை மிஞ்சியது. சரி.

பசிக்கிறதா என்றால் சரி. வலிக்கிறதா என்றால் சரி. உங்கள் பெயர் என்ன என்றாலும் சரிதான். சிலருக்கு இப்படி ஒரு வார்த்தை மட்டும் தங்கிவிடும் என்றார் டாக்டர். "அவருக்கு எல்லாம் புரியும். வாய்தான் அந்த ஒண்ணைத் தவிர வேற எதையும் எடுத்துக் கொடுக்காது. இவர் சரின்னா சம்மதம்னு எடுத்துக்காதீங்க." நன்றாக ஞாபகம் இருக்கிறது, என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார்.

அண்ணி போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிவிட்டது, பிள்ளைகளும் இல்லை. எங்கள் வீட்டுக்கே கூட்டிவந்தோம். என் மனைவிக்குத் தொலைபேசியில் புகார் கேட்கிற வேலை. குரலை வைத்தே ஆளை எடை போட்டுவிடுவாள். ஒரு வாரத்துக்குள் அண்ணனின் பாஷையைப் பிடித்துவிட்டாள். வெட்டென்று சொன்னால் ஆமாம். இழுத்துச் சொன்னால் இல்லை. அடுத்தடுத்துச் சொன்னால் ஆபத்து, கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். எனக்கும் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தாள். கஷ்டமில்லை, குழந்தைக்குக்கூடப் புரியும்.

இரண்டு பேரும் ரகளையாகப் பேசிக்கொள்வார்கள். "அத்தான், குழம்புல உப்பு போதுமா?" "சரீ..." "போதாதா? அப்ப நாளைக்கு நீங்களே எந்திரிச்சு சமைங்க." அவர் பாதி வாயால் சிரிப்பார். நான் சாப்பிட்டுக்கொண்டிருப்பேன்.

ஆனால் அவள் உடம்பு இரும்பு இல்லை. தூக்குவது, திருப்புவது, துடைப்பது. இடுப்பு விட்டுப்போயிற்று. ஒருநாள் குளியலறை வாசலில் ஈரப் புடவையோடு உட்கார்ந்து அழுதாள். "எனக்கு ஒரே ஒரு மத்தியானம் வேணுங்க. யாரும் கூப்பிடாத ஒரு மத்தியானம்." இதை எழுதிக்கொள்ளுங்கள் மேடம், முக்கியம். நான் செய்ததெல்லாம் அந்த மத்தியானத்துக்காகத்தான்.

அந்த வாரமே வரைய உட்கார்ந்தேன். அண்ணனுக்குக் காற்றாட ஒரு மரத்தளம். வீட்டுக்குப் பின்னால், மேற்கு பார்த்து. கிழக்கே இடம் இருந்ததே என்று நீங்கள் கேட்டீர்கள். இருந்தது. மேற்கே மறையும் சூரியன் அழகாகத் தெரியும் என்று மனைவியிடம் சொன்னேன். கறை தெரியாது என்று கருப்புப் பலகை. புழுதி வரக் கூடாது என்று மூன்று பக்கமும் கண்ணாடித் தடுப்பு. வெளிச்சத்துக்காகக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் கூரை. சக்கர நாற்காலி உருண்டுவிடக் கூடாது என்று சக்கரத்துக்கு முன்னும் பின்னும் தரையில் மரக்கட்டை. உள்ளே வைத்தால் இன்னொரு ஆள் தூக்கிவிடாமல் நாற்காலி அசையாது. ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பார்த்தால் அன்புதான். மொத்தமாகச் சேர்த்துப் பார்க்கத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவன் நான்.

இன்னொருவர் அண்ணன்.

வரைபடத்தை அவர் மடியில் விரித்தேன். கட்டாயம் இல்லை, ஆனாலும் காட்ட வேண்டும் என்று தோன்றியது. அவர் இடது கை விரல் மேற்கு என்று எழுதியிருந்த இடத்தில் நின்றது. கூரைக்குப் போனது. தடுப்புக்குப் போனது. மரக்கட்டைக்கு வந்தது. பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். "சரீ..." என்றார். விரல் மறுபடி கூரைக்குப் போனது. "சரீ..."

முதல் தடவையாக என் வரைபடத்தைக் கடைசித் தாள்வரை பார்த்தார், மேடம். ஒரு கோடு விடாமல். பெரிய கான்ட்ராக்டர் பெரிய கான்ட்ராக்டர்தான்.

சமையலறையிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்தாள். "என்ன, அத்தானுக்குப் பிடிக்கலையாட்டம் இருக்கு?"

"என் வேலை எப்ப அவருக்குப் பிடிச்சிருக்கு?" என்றேன்.

அவள் சிரித்துவிட்டாள். "ஆனாலும் அத்தான், உங்களுக்கு இவ்வளவு வீம்பு ஆகாது. பாய் விரிக்கிற தம்பி உங்களுக்காகத்தானே விரிக்கிறாரு?" என்று அவர் தோளில் தட்டிவிட்டுப் போனாள். அவர் அவளைப் பார்த்து இன்னும் சொல்லிக்கொண்டே இருந்தார். அத்தனை வருடம் அவர் செய்த கேலிதான் அன்றைக்கு அவர் வாயை அடைத்தது. நான் ஒன்றும் செய்யவில்லை.

பலகை பொருத்த வந்த ஆசாரி தலையைச் சொறிந்தார். "சார், கருப்பா? நீங்களா?"

"சொந்த வீட்டுக்கு எல்லாரும் ஒரு தப்பு செய்வாங்கப்பா" என்றேன். டாக்டர் வீட்டிலதான் சீக்கு ஜாஸ்தி என்று ஏதோ சொல்லிச் சிரித்தபடி வேலையைப் பார்த்தார். நேர்த்தியான கை. எந்தக் கட்டையிலும் ஒரு பிசிர் கிடையாது. அவரை இதில் இழுக்காதீர்கள்.

கோடை உச்சிக்கு வந்த ஒரு நாள். மனைவியை அவள் அக்கா வீட்டுக்குப் போகச் சொன்னேன். நம்பவில்லை. "நெசமாவா? நீங்க பாத்துப்பீங்களா?" வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்து அண்ணனுக்குத் தலை வாரிவிட்டாள். "அத்தான், சாயங்காலம் வந்துடுவேன். தம்பி இருக்காரு." அவர் அவள் புடவை நுனியைப் பிடித்துக்கொண்டார். அவள் ஒவ்வொரு விரலாக விலக்கினாள். சிரித்துக்கொண்டேதான் விலக்கினாள், பாவம்.

சாப்பாடு கொடுத்தேன். வாய் துடைத்தேன். பின்பக்கம் தள்ளிக்கொண்டு போய்க் கட்டைகளுக்கு நடுவே நாற்காலியை இறக்கினேன். "அண்ணா, கொஞ்ச நேரம் இங்க இருக்கீங்களா?" என்று கேட்டேன். கேட்காமல் நான் எதுவும் செய்ததில்லை. "சரி" என்றார்.

பக்கத்து வீட்டு மாடிச் சுவரின் நிழல் எங்கள் தளத்தின் ஒரு மூலையில் மட்டும் விழும், சாயங்காலம்வரை அதை விட்டு விலகாது. தடுப்புக்கு வெளியே, ஒரு நாற்காலி போடும் அளவு இடம். அங்கே என் நாற்காலி இருந்தது. குடிக்கத் தண்ணீர் வைத்திருந்தேன். எனக்கு. உங்களை முதலில் உறுத்தியது அந்த நாற்காலிதான் என்று சொன்னீர்கள். "தளம் முழுக்க வெயில், உங்க நாற்காலி மட்டும் எப்படி நிழல்ல?" நியாயமான கேள்வி. வேண்டுமென்று போடவில்லை. கை தானாகப் போட்டுவிட்டது. இத்தனை வருடத்தில் வெயிலில் நாற்காலி போட்டுப் பழக்கமே இல்லை.

கண்ணாடி நன்றாக வேலை செய்தது. ஒரு இலை அசைகிற காற்றுகூட உள்ளே போகவில்லை. அவர் முதலில் என்னைப் பார்த்தார். பிறகு கூரையைப் பார்த்தார், மூட்டுகளைப் பார்த்தார், பலகை சேரும் இடங்களைப் பார்த்தார். குறை தேடுகிறார் என்று நினைத்தேன். ஒன்றும் இல்லை. இடது கையால் சக்கரத்தைத் திருப்பப் பார்த்தார். கட்டை விடவில்லை. இரும்பு வளையம் சுட்டிருக்கும், கையை எடுத்துவிட்டார்.

பேசினார். பேசவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் மெல்லியதாகத்தான் கேட்டது. ஒன்றன்பின் ஒன்றாக, மூச்சு விடாமல். பிறகு மூச்சு விட்டு. பிறகு இடைவெளி விட்டு. நான் தண்ணீரைக் குடித்தேன். என் மனைவி அக்கா வீட்டில் கால் நீட்டிப் படுத்திருப்பாள், அவளை யாரும் கூப்பிட மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். சத்தம் நின்ற பிறகும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். நிழல் அருமையாக இருந்தது.

அவள் பொழுது சாய வந்தாள். முகம் தெளிந்திருந்தது, தலையில் பூ வைத்திருந்தாள். நான் கண் அசந்துவிட்டேன் என்றேன். அதைத்தான் உங்களிடமும் முதலில் சொன்னேன். அவள் அழவில்லை. அவர் முன்னால் மண்டியிட்டாள், முழங்கால் பலகையில் பட்டதும் துள்ளி எழுந்தாள். தளத்தைப் பார்த்தாள். மூலையில் இருந்த என் நாற்காலியைப் பார்த்தாள்.

"வெளியே வரேன்னு அவரே சொன்னாரா?"

"கேட்டேன். சரின்னாரு."

"எந்தச் சரி?"

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவளுக்காகச் செய்தேன் என்று நீங்களாவது சொல்லுங்கள், அவள் கேட்பாள். அந்த மத்தியானத்தை அவளுக்கு வேறு யார் கொடுத்திருப்பார்கள்?

மறுநாள் மத்தியானம் ஸ்டேஷனிலிருந்து நீங்கள் வந்தீர்கள். சாதாரண விபத்து என்று எழுதிக்கொண்டு போக வந்தீர்கள். கிளம்பும்போது குனிந்து, பலகையில் புறங்கையை வைத்தீர்கள். உடனே எடுத்துவிட்டு என்னைப் பார்த்தீர்கள். "எங்க வீட்டுக்கு வேண்டாம்னு நீங்க சொன்ன பலகை இது" என்றீர்கள். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

எழுதிக்கொள்ளுங்கள். தளத்தை வரைந்தவன் நான். மேற்கைத் தேர்ந்தெடுத்தது நான், கருப்பும் கண்ணாடியும் கட்டையும் என் யோசனை. அண்ணனைக் கொண்டுபோய் வைத்தவன் நான், மூச்சு நின்று போகும்வரை பக்கத்தில் இருந்தவனும் நான்தான். தூங்கவில்லை. கொன்றேன் என்று எழுத வேண்டுமென்றால் அப்படியே எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

வெயில் வந்துவிட்டது பாருங்கள். நகர்த்திக்கொள்ளுங்கள் என்று முதலிலேயே சொன்னேன், நீங்கள்தான் கேட்கவில்லை.

ஒன்றை மட்டும் விட்டுவிடாமல் சேர்த்துக்கொள்ளுங்கள், மேடம். நான் அவரைக் கேட்டுத்தான் உட்கார வைத்தேன். அவ்வளவு நேரம் பக்கத்திலேயே காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். வேண்டாம் என்று அவர் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.