முதலில் வர வேண்டிய பெயர்

— நிறுத்து, எமெலின். மறுபடியும் வீட்டை முன்னால தூக்கி வச்சுட்டே.

— எங்கேய்யா வச்சேன்? சரியாத்தானே சொன்னேன்?

— "இந்த வீட்டைக் குடுத்தான் எனக்கு என் புருஷன் தியரி"ன்னு சொன்னே. "என் புருஷன் தியரி, தன் வாயால, குடுத்தான் எனக்கு இந்த வீட்டை." இதான் சத்தியம். புருஷன் முன்னால, வீடு கடைசியில.

— ரெண்டும் ஒண்ணுதானே, கோஸ்வின் ஐயா? கேக்கறவங்களுக்குப் புரியாதா என்ன?

— நல்லாப் புரியும். சந்தையில மீன்காரிகூட "இந்த மீனைப் பிடிச்சான் என் மகன்"னுதான் கூவுறா. மனசுல எது நிக்குதோ அதை வாய் முதல்ல துப்பும், நம்ம பேச்சே அப்படி. ஆனா கேட்டுக்கோ, உள்ளே தீர்ப்புச் சொல்ல உக்காந்திருக்கற பெரிய மனுஷங்க மீன் வாங்க வரலை. சத்தியத்துல ஒரு வார்த்தை இடம் மாறினாலும் வழக்கு போச்சு. இந்த லீல் ஊர்லயே பொறந்தவ நீ, உனக்கு இதை நான் சொல்லணுமா?

— போன மாசம் இங்கே சத்தியம் பண்ண வந்த நெசவாளி ஒருத்தன் தும்மினதுக்கே தோத்தானாமே?

— தும்மினதுக்கு இல்லை, விரலைத் தூக்கினதுக்கு. புனிதரோட எலும்புப் பெட்டி மேல வச்ச விரலை, சத்தியம் சொல்லி முடிக்கிற வரைக்கும் எடுக்கக் கூடாது. ம், மூச்சை இழுத்து விட்டுட்டுச் சொல்லு.

— என் புருஷன் தியரி... இந்த வீட்டை...

— அட சனியனே! கோவிச்சுக்காதே தாயி. அங்கே வாசல்ல பாரு, செத்துப்போன உன் புருஷனோட மூத்த தாரத்து மகன், நீ தோத்ததும் வீட்டைப் பூட்டப் புதுப் பூட்டோட நிக்கிறான்.

— பார்த்தேன். காலையில வந்து என் சாயத்தொட்டியை எட்டி உதைச்சுப் பார்த்துட்டும் போனான். அந்த வீட்ல ராப்பகலா சாயம் காய்ச்சினது நான்யா. கூரைக்கு ஓடு போட்டது நான். ரெண்டு பிள்ளையைப் பெத்து ரெண்டையும் பறிகொடுத்ததும் அந்த வீட்லதான்.

— இது மட்டும் தங்குதடை இல்லாம வருதே.

— என்னய்யா சொல்றீங்க?

— வீடுங்கறே, நான்ங்கறே. தியரி இன்னது பண்ணினான்னு ஒரு பேச்சு வரலை. கேட்டுக்கோ, நான் உனக்காகப் பேச வந்தவன், வெளியே விட மாட்டேன். அவன் குடுத்தானா?

— அந்தக் கதவு சாத்தியிருக்கா, ஐயா?

— எமெலின்.

— கேட்டேன்யா. சாகக் கிடந்தவன் கையைப் பிடிச்சுக்கிட்டு, எனக்குன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்கன்னு கெஞ்சினேன்.

— அவன்?

— சுவத்துப் பக்கமா முகத்தைத் திருப்பிக்கிட்டான்.

— ஆண்டவரே! அப்ப நான் சொல்றபடி செய். உள்ளே போயி வேணும்னே தடுமாறிடு. வீட்டை முன்னால வை, விரலைத் தூக்கு. வீடு போகும், போகட்டும். பொய்ச் சத்தியம் பண்ணினா ஆன்மாவே போயிரும்.

— எங்கே போயிப் படுக்கிறது?

— கன்னியர் மடத்துல என் அக்கா இருக்கா. சொல்லி வைக்கிறேன்.

— யாரோ கூப்பிடறாங்க.

— உன்னைத்தான். என்ன செய்யப் போறே? எனக்குப் பயமா இருக்கு.

— இத்தனை நாளா இதை ஒருத்தர்கிட்டயும் சொல்லலை ஐயா. அதான் சத்தியத்துல அவன் பேரு முன்னால வர மறுத்துச்சு. உங்ககிட்டக் கொட்டிட்டேன், லேசா இருக்கு.

— அப்ப தடுமாறிடுவே, இல்லே?

— கேளுங்க. "என் புருஷன் தியரி, தன் வாயால, குடுத்தான் எனக்கு இந்த வீட்டை." சரியா வந்துச்சா? கதவைத் திறங்க.