காலிக் குடுவை

எனக்குச் சர்க்கரையில்லாத தேநீரே போதும், ஐயா. விசாரணை அறையில் இவ்வளவு நல்ல தேநீர் கிடைக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

தைவானின் தைனான் நகரக் கோயில்களில் கதவுக் காவல் தெய்வங்களைத் தீட்டிப் பிழைத்தவன் நான். அதே தெருவில் டாரோ சீட்டு வைத்துக் குறி சொன்னவள் சியூலுவான். மேல்நாட்டுச் சீட்டுகளை நம் தாவோ நெறிப்படி புதிதாக வரைந்து தரும்படி அவள்தான் கேட்டாள். இடிவிழும் கோபுரத்தை, நீர் மெல்லக் கரைக்கும் அணையாக மாற்றினேன். பேரரசனை நீக்கிவிட்டு ஆளில்லாத நாற்காலி ஒன்றை வைத்தேன். மரணச் சீட்டில், அரிவாளேந்திய எலும்புக்கூட்டுக்குப் பதிலாக ஒரு காலிக் குடுவை. நான் வரைந்தவற்றுள் சிறந்தது அதுதான்.

மறுநாள் சீட்டுகள் அச்சுக்குப் போகவிருந்தன. மாலையில் அவள் வீட்டுக்குப் போனபோது, என் குடுவையின்மேல் எலும்புக்கூடு நின்றது. அவளே தீட்டியிருந்தாள்.

“கோபப்படாதீங்க, கோ அண்ணே. சாவுச் சீட்டுன்னா ஜனங்க நடுங்க வேணாமா? குடுவைய வரைஞ்சு வெச்சிருக்கீங்களே, நாம என்ன ஊறுகாய்க் கடையா நடத்துறோம்?”

“அது வெறுமை, சியூலுவான்.”

“வெறுமைய எவன் காசு கொடுத்து வாங்குவான்? நீங்க பேசாம கோயில் கதவுக்கு மீசை வரையப் போங்க. குளிச்சிட்டு வந்துடுறேன். மீன் கஞ்சி இருக்கு, சாப்பிட்டுத்தான் போகணும்.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நானும் சிரித்தேன்.

குளியலறையையொட்டிய கண்ணாடி அடைத்த பால்கனியில் எரிவாயு வெந்நீர்க் கருவி ஓடத் தொடங்கியது. அவள் வீட்டுப் பூசைமாடத்திலிருந்த, குறி கேட்கும் பிறைக்கட்டைகள் இரண்டையும் எடுத்தேன். ஒன்று கவிழ்ந்து ஒன்று மல்லாந்தால் தெய்வம் சம்மதித்ததாகப் பொருள். ‘நடப்பதை நடக்கவிடலாமா?’ என்று கேட்டு வீசினேன். இரண்டும் கவிழ்ந்தன, மறுப்பு. கேள்வியை நான் சரியாக அமைக்கவில்லை போலும். மாற்றிக் கேட்டேன். இரண்டும் மல்லாந்தன, தெய்வம் சிரிக்கிறது என்பார்கள். சிரிப்பு மறுப்பாகாது. சம்மதம் கிடைக்கும்வரை பொறுமையாகக் கேட்டேன். தெய்வத்தைக் கேளாமல் நான் எதையும் தொடங்குவதில்லை.

பிறகு மேசையருகே அமர்ந்து, கத்தி நுனியால் எலும்புக்கூட்டைச் சுரண்டினேன். குளியலறைக்குள் ஏதோ விழும் ஓசை கேட்டது. என் பெயரைச் சொல்லி அழைத்தது போலவும் இருந்தது. நான் எழவில்லை. குறுக்கிடாமல் இருப்பதே தாவோ. தண்ணீர் தன்போக்கில் ஓடிக்கொண்டிருந்தது. குடுவையின் விளிம்பு மெல்ல வெளிப்பட்டது.

நான் அவளைத் தொடவில்லை, ஐயா. அவளுக்குத் தீங்கு நினைக்கவும் இல்லை. குளிக்கும்போதெல்லாம் கருவியின் புகை வெளியேற அவள் மறவாமல் திறந்துவைக்கும் அந்தப் பால்கனி ஜன்னலை மட்டும், வெளியே வாடைக்காற்று வீசியதால், அவளுக்குச் சளி பிடித்துவிடக் கூடாதே என்று இறுகச் சாத்தித் தாழிட்டேன்.